தாள் கொண்டு வாற தம்பிக்கு

சமூகத்தை மாத்தப் போறாயாம். கேள்விப்பட்டன். கெம்பஸ்ல படிச்ச ஆராய்ச்சி முறையெல்லாத்தையும் சனத்துக்குள்ள இறக்கி, நாலு பேருக்கு நல்லது செய்யப் போறாயாம். மாஷா அல்லாஹ். ஆசை நல்ல ஆசைதான் மகன். ஆனா இந்த மாவடிப்பள்ளிக் கிழவன்ட கதையையும் கொஞ்சம் கேட்டுட்டுப் போ. நான் செயலமர்வு வைக்க மாட்டன். வரவுப் பதிவில ஒப்பம் வாங்க மாட்டன். மதியச் சாப்பாட்டுப் பார்சலும் என்னட்ட இல்ல.

ஆராய்ச்சி நம்மட பகுதிக்குப் புதுசு எண்டு நினைச்சியா? 2004 டிசம்பர் 26ல கடல் வந்திச்சு. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது எல்லாம் கடலடி வரிசையே இல்லாமப் போச்சு. கடல் வந்தது ஒரு நாள்தான். கேள்வித்தாள் வந்தது எத்தினை நாள்? காலையில ஒரு அமைப்பு வரும். லுஹருக்குப் பிறகு இன்னொண்டு. ரெண்டுக்கும் கேள்வி ஒண்டுதான். வீட்டுல எத்தினை பேர், மௌத்தானது எத்தினை பேர், உடனடித் தேவை என்ன. பிள்ளையைப் பறிகுடுத்த தாய் அதே கதையை ஒரு கிழமைக்குள்ள எத்தினை பேருக்குச் சொல்லுவா? கேட்டவனுக்குக் கட்டம் நிரம்பிச்சு. அவவுக்கு என்ன நிரம்பிச்சு?

நம்மட சனம் லேசுப்பட்ட சனமில்ல. கொஞ்ச நாளில பழகிட்டாங்க. வாற வாகனத்தில ஒட்டிக் கிடக்கிற அமைப்புச் சின்னத்தைப் பார்ப்பாங்க. படகு குடுக்கிற ஆக்கள் எண்டா, வீதி முழுக்க மீன்பிடிக்காரர். தையல் மெசின் குடுக்கிற ஆக்கள் எண்டா, வீட்டுக்கு ரெண்டு தையல்காரி. இதை எழுதி, கூட்டிக் கழிச்சு, வட்டம் வட்டமாப் படம் கீறி, கொழும்புக்கு அனுப்பினாங்க. பொய் எண்டு நான் சொல்ல மாட்டன். விருந்தாளிக்கு விருப்பமானதை ஆக்கிப் போடுறது நம்மட வழக்கம்தானே?

அந்தத் தாளில முதல் கேள்வி ஞாபகம் இருக்கு. குடும்பத் தலைவர் பெயர்.

இதில என்ன பிழை எண்டு கேக்கிறாயா? நீ இந்தப் பக்கத்துப் பிள்ளை. உனக்கு விளங்காமலா? நம்மட கரையில வீடு ஆருக்கு? பொம்பளைப் பிள்ளைக்கு. வாப்பாமார் நெல்லு வித்து, கடல் கடந்து உழைச்சு, மகளுக்கு வீடு கட்டுவாங்க. கலியாணம் முடிச்சா மாப்பிள்ளை பெட்டியோட அங்க போவான். நானும் அப்பிடித்தான் இந்த வீட்டுக்கு வந்தன். தாடி வெளுத்துப் போச்சு, பேரப்பிள்ளைக்கும் கலியாணம் பேசுறாங்க. இன்னும் நான் வந்த மாப்பிள்ளைதான். மனிசி கோபம் வந்தா அதை ஞாபகப்படுத்தவும் தவற மாட்டா. முஸ்லிம் ஊர் மட்டுமில்ல, பக்கத்துத் தமிழ் ஊர்களிலயும் இதே வழக்கம்தான்.

இப்ப பாரு. கடல் கொண்டு போனது அவவுக்குச் சீதனமா வந்த வீடு. தாளில எழுதினது புருசன்ட பேர். புதுவீட்டுப் பத்திரம் ஆருக்கு வரும்? தாளில பேர் உள்ளவனுக்கு. ஒரு கேள்வி. ஒரு கட்டம். எத்தினையோ தலைமுறையாப் பொம்பளையள்ட கையில இருந்த வீடு, பேனை ஒருக்கா நகர்ந்ததில கை மாறிப் போகும். கேட்ட பிள்ளை கெட்ட பிள்ளையில்ல. அந்தத் தாளை எங்கயோ தூரத்தில அடிச்சாங்க. அங்க தலைவர் எண்டா மீசை இருக்கும்.

இதை விளங்கிக்கொண்ட ஆக்களும் இருந்தாங்க. டெனிஸ் மெக்கில்ரே எண்டு ஒரு அமெரிக்க மானுடவியல்காரர். 1969ல அக்கரைப்பற்றுக்கு வந்தார். தமிழ் படிச்சார். குடி, சீதனம், பள்ளி, கோயில் எண்டு ஒண்டையும் விடாமல் கேட்டார். அவர்ட பெரிய புத்தகம் வெளியில வந்தது 2008ல. வந்ததுக்கும் எழுதினதுக்கும் நடுவில எத்தினை வருசம் எண்டு நீயே கணக்குப் பாரு. உன்ட திட்டத்துக்கு மூண்டு மாசம்தானே தந்திருக்காங்க? சுனாமிக்குப் பிறகும் அந்த மனிசன் திரும்பி வந்து, சீதன வீட்டுக்கு என்ன நடக்குது எண்டு எழுதினார். கிழக்கில உள்ள பெண்கள் அமைப்புகளும் அதையேதான் சத்தமாக் கேட்டாங்க: பத்திரத்தில பொம்பளையள்ட பேரையும் போடு எண்டு. அதுதான் மகன் உபயோகமான ஆராய்ச்சி. ஆரும் புதுசா ஒண்டும் கண்டுபிடிக்கல்ல. வீடு ஆருட வீடு எண்டு முதல்ல கேட்டாங்க.

கேக்காமல் கட்டினா என்ன நடக்கும்? அக்கரைப்பற்றுப் பக்கம் நுரைச்சோலைக்குப் போய்ப் பாரு. சவூதிக் காசில 500 வீடு. ஆருக்குக் குடுக்கிறது எண்டு மூண்டு இனமும் இருந்து பேசி முடிக்கமுந்தி கட்டி முடிச்சாங்க. விசயம் உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. வீடு வருசக்கணக்காப் பூட்டிக் கிடந்திச்சு, முத்தத்தில காடு எழும்பிச்சு. இஞ்சால கடலடிச் சனத்துக்கு கடலில இருந்து 200 மீற்றருக்குள்ள கட்டாதே எண்டு அப்ப உத்தரவு. சாய்ந்தமருதில 200 மீற்றர் விட்டா மிச்சம் எவ்வளவு? ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். வயலுக்குள்ளயா வீடு கட்டுறது? இதைக் கேக்கிறதுக்குக் கெம்பஸ் தேவையா?

சரி, நீ எப்ப வரப் போறாய்? வைகாசி ஆனியில எண்டுதானே சொன்னாய். நினைச்சன். எல்லாரும் அப்பதான் வருவாங்க. ரோட்டு காஞ்சிருக்கும். சப்பாத்தில சேறு படாது. ரொபர்ட் சேம்பர்ஸ் எண்டு ஒரு வெள்ளைக்காரர். 1970களில தமிழ்நாட்டு வட ஆர்க்காட்டிலயும் நம்மட அம்பாந்தோட்டையிலயும் நெல்லு விசயமா ஆராய்ச்சி செஞ்ச கூட்டத்தில ஒருத்தர். அவர் 1983ல ஒரு புத்தகத்தில உன்னைப்போல ஆக்களைப் பிடிச்சு வாங்கு வாங்கெண்டு வாங்கியிருக்கார். தார் ரோட்டுக்குப் பக்கத்தில உள்ள வீட்டுக்குத்தான் போவீங்களாம். ஊர்ப் பெரிய மனிசனோடதான் கதைப்பீங்களாம். ஆம்பிளையளைத்தான் காணுவீங்களாம். கோடையிலதான் வருவீங்களாம். ஏழையிட பசியும் காய்ச்சலும் மாரியிலதானே? அப்ப நீங்க பட்டணத்தில அறிக்கை எழுதிக்கொண்டு இருப்பீங்களாம். என்னையும் உன்னையும் பக்கத்தில வைச்சுப் பார்த்து எழுதினமாதிரி இருக்கு.

காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் நடுவில உள்ள ரோட்டைக் கோடையில பார்த்தா அழகான ரோட்டு. ரெண்டு பக்கமும் வயல், கொக்கு, காத்து. படம் எடுப்பாய். மாரியில அந்த ரோட்டுத் தாம்போதிக்கு மேலால தண்ணி பாயும். 2024 நவம்பர் 26ல மத்ரஸாப் பிள்ளைகளை ஏத்தி வந்த டிராக்டரை அந்த வெள்ளம்தான் கொண்டு போச்சு. அதை நான் சிரிச்சுக் கதைக்க மாட்டன் மகன். ஒண்டு மட்டும் சொல்றன். மழை எத்தினை நாள் பெய்ஞ்சா, எந்த இடத்தில, எவ்வளவு உயரத்துக்கு ஓடும் எண்டு இஞ்ச வயசானவங்களுக்குத் தெரியும். அதை எழுதி எடுக்க வந்த தாளை இந்தக் கண்ணால நான் காணல்ல.

கேலி போதும். நல்லா நடந்த கதையும் ஒண்டு இருக்கு. தூரத்தில இல்ல. நம்மட குளத்திலதான்.

அரசாங்கம் கல்லோயா எண்டு சொல்லும். நம்மட பழையாக்களுக்கு அது பட்டிப்பளை ஆறு. டி.எஸ். சேனநாயக்கா காலத்தில, 1949ல தொடங்கி, இங்கினியாகலையில அணை கட்டினாங்க. சேனநாயக்க சமுத்திரம். நாட்டில அதைவிடப் பெரிய குளம் கிடையாது. கட்டினவங்க என்ஜினியர்மார். அணை நல்லா நிண்டிச்சு. தண்ணிதான் ஒழுங்கா நடக்கல்ல. இடதுகரையில மேல இருக்கிறவன் துருசைத் திறந்து விட்டுட்டுப் படுத்தான். கீழ இருக்கிறவன் மண்வெட்டியும் கையுமா ராவு முழிச்சான். மேல பெரும்பாலும் சிங்களக் குடியேற்றம், வாலில தமிழ் பேசுற ஆக்கள். அப்ப அது தண்ணிச் சண்டையோட நிக்குமா? வருசக்கணக்கா மண்வெட்டி படாத வாய்க்கால் கிடந்திச்சு. துருசுக் கதவை உடைச்சாங்க. இன்னார் உடைச்சது எண்டு சொல்ல ஒருத்தரும் இல்ல. திணைக்களம் கமக்காரனைக் கள்ளன் எண்டிச்சு. கமக்காரன் திணைக்களத்தைக் கள்ளன் எண்டான். ரெண்டு பேரும் சொன்னதில கொஞ்சம் உண்மையும் இருந்திச்சு.

இதைத் திருத்த அமெரிக்கக் காசு வந்திச்சு. சீமெந்தும் கம்பியும் வாங்கத்தான் முக்கியமா. ஆனா அதோட கொழும்பில இருந்த கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும், அமெரிக்காவில கோர்னெல் கெம்பஸும் கூட்டுச் சேர்ந்தாங்க. நோர்மன் அப்ஹோஃப் எண்டவர் கோர்னெல் பக்கத்து ஆள். அவங்களும் முதல்ல தாளோடதான் வந்தாங்க. 1980ல கணக்கு எடுத்தாங்க. அதில பிழையில்ல. கணக்கு வேணும்தான். ஆனா கணக்கோட வீட்டுக்குப் போகல்ல.

1981 மார்ச்சில முப்பது பேரளவில பட்டதாரிப் பிள்ளைகளைக் குடியேற்றக் கிராமங்களுக்குள்ள இறக்கினாங்க. அவங்களுக்குச் சொல்லிக் குடுத்ததைக் கேளு. கூட்டம் வைக்காதே. தலைவர், செயலாளர், பொருளாளர் எண்டு தெரிவு செய்யாதே. யாப்பு எழுதாதே. பதாகை கட்டாதே. முதல்ல அந்த ஊரிலயே குடியிரு. ஒவ்வொருத்தன்ட வீட்டுக்கும் போ. அவன்ட பிரச்சினை என்ன எண்டு கேளு. ஒரு வாய்க்கால்ல தண்ணி எடுக்கிறவங்க பத்து இருபது பேரை மட்டும் சேர்த்து வை. அவங்களாக் கையால ஆகுற ஒரு வேலையைச் செய்யட்டும். அமைப்பு பிறகு வரட்டும். ஆள் தெரிவெண்டாலும் வாக்குப் போடாதே, எல்லாரும் ஒத்துக்கிற ஒருத்தனைப் பேசி எடு. அவனுக்குச் சம்பளம் கிடையாது.

விளங்கிச்சா? நீங்க ஒரு திட்டத்துக்கு முதல் மாசத்தில செய்ற எல்லாத்தையும் அவங்க கடைசிக்குத் தள்ளி வைச்சாங்க.

அந்த வருசச் சிறுபோகத்துக்குக் குளத்தில கால்வாசித் தண்ணிதான். எல்லாம் கவுண்டு போறதுக்கு அதைவிடத் தோதான வருசம் இல்ல. ஆனா நடந்தது வேற. சில கிழமைக்குள்ள கமக்காரங்க தாங்களாவே வாய்க்கால்ல இறங்கிச் செடி வெட்டினாங்க. முறை வைச்சுத் தண்ணி எடுத்தாங்க. இதைக் கேளு: மேல இருக்கிறவன் தனக்குக் கிடைச்ச கொஞ்சத்திலயும் மிச்சம் பிடிச்சுக் கீழ அனுப்பினான். சிங்களவன் வயலைத் தாண்டித் தமிழன் வயலுக்குத் தண்ணி போச்சு. சனங்கள் எல்லாம் தன்னலக்காரர் எண்டு படிச்சவங்க கணக்குப் போட்டு வைச்சிருந்தாங்க. ஆரும் கேக்காததாலதான் அப்பிடி இருந்தாங்களோ என்னமோ.

அப்ஹோஃப் 1992ல அதைப் புத்தகமா எழுதினார். பேரில நியூட்டனுக்குப் பிந்திய சமூக விஞ்ஞானம் எண்டும் போட்டார். எனக்குச் சிரிப்பு வந்திச்சு. வாய்க்கால்ல புல்லு வெட்டினதுக்கு நியூட்டனை ஏன் எழுப்புறாங்க? ஆனா மனிசனில குற்றம் சொல்ல மாட்டன். புத்தகம் விக்கவும் வேணும்தானே. பிறகு அதே ஆள்தான் ஒத்தை நாத்து நடுற நெல் முறையை நாடு நாடாக் கொண்டு திரிஞ்சார். வயலில இறங்கினவன் வயலை விட மாட்டான்.

இப்ப நீ கேக்கலாம். சனம் கூடிப் பேசித் தண்ணி பங்கிடுறது அமெரிக்காவில இருந்து வரவேணுமா எண்டு. சரியான கேள்வி. நம்மட வயல் வட்டைக்கு வட்டவிதானை எண்டு ஒருத்தர் இருந்தார். எந்தத் திகதியில தண்ணி, எந்தத் திகதியில விதைப்பு, ஆருட மாடு ஆருட வயலுக்குள்ள இறங்கிச்சு, எல்லாம் அவர்ட தலைக்குள்ள கிடக்கும். களவெட்டியில அவருக்கு நெல்லு அளந்து குடுப்பாங்க. 1958ல அமைச்சர் பிலிப் குணவர்தன நெற்காணிச் சட்டம் கொண்டு வந்து, அந்தப் பதவியை எடுத்துப் போட்டு, பயிர்ச்செய்கைக் குழு வைச்சார். காரணம் இருந்திச்சு. வட்டவிதானைமார் எல்லாரும் ஒலியுல்லாக்கள் இல்ல. காணிக்காரப் போடியார்ட கண்ணைப் பார்த்துத் துருசு திறந்தவங்களும் இருந்தாங்க. வயலில வேலை செய்ற முல்லைக்காரன்ட பக்கம் நிண்டவர் குறைவு. ஆனா பழைய மனிசனை அனுப்பி வைச்சிட்டு, குழுவைக் கட்சிக்காரன் கையில குடுத்து, இருபது வருசம் கழிச்சு வாய்க்கால்ல சனத்தைச் சேர்க்கிறது எப்பிடி எண்டு ஆராய்ச்சி வைச்சாங்க பாரு, அதைத்தான் நான் ரசிக்கிறன்.

முடிவு தேன் எண்டு நினைக்காதே. அந்தப் பட்டதாரிப் பிள்ளைகளுக்கு நிரந்தர நியமனம் இல்ல. வாத்தியார் வேலைக்குக் கடிதம் வந்திச்சு, கனபேர் போயிட்டாங்க. போகாமல்? ஓய்வூதியம் உள்ள வேலை. நீயும் போவாய். நானும் போகச் சொல்லுவன். ஆனா அவங்க போன பிறகும் வாய்க்கால் குழுக்கள் செத்துப் போகல்ல. அதுதான் அதில ஆச்சரியம். 1988ல நாடு முழுக்கக் குளத்து நிர்வாகத்தில கமக்காரனையும் சேர்க்கிறது எண்டு அரசாங்கம் கொள்கையா எடுத்திச்சு. 1997 சிறுபோகத்தில குளத்தில தண்ணி காணாது, நெல்லு விதைக்காதீங்க, கொஞ்ச இடத்தில வேற பயிர் செய்யுங்க எண்டு அதிகாரிகள் சொன்னாங்க. இடதுகரைக் கமக்காரர் கேக்கல்ல. நாங்க பங்கிட்டு எடுப்பம் எண்டாங்க. 65,000 ஏக்கரளவு விதைச்சாங்க. வெட்டினாங்க. விளைச்சலும் குறையல்ல. தண்ணியை அளக்கத் திணைக்களத்துக்குத் தெரியும். பக்கத்து வயல்காரன்ட மனசையும் சேர்த்து அளந்தவன் கமக்காரன்.

இப்ப ஒவ்வொரு வட்டையிலயும் கமக்காரர் அமைப்பு இருக்கு. முத்திரை இருக்கு, கடிதத் தலைப்பு இருக்கு. சிலது வேலை செய்யுது. சிலது உர மானியத்துக்கு ஒப்பம் வைக்க மட்டும் எழும்பும். அதையும் நீ எழுது. வெக்கப்படாதே.

இஞ்சால அஸ்வெசும எண்ட அரசாங்க உதவித் திட்டம் வந்த கதை உனக்குத் தெரியும். 2023ல. பழைய சமுர்த்தி உதவியை விட்டுட்டு, ஏழை ஆர் எண்டு விஞ்ஞானப்படி பார்க்கிறமாம். 22 சுட்டி. படிப்பு, நோய், வீடு, சொத்து எண்டு எல்லாத்துக்கும் புள்ளி. முறை நல்ல முறைதான். கட்சிக்காரன் பேர் குடுக்கிறதைவிட எவ்வளவோ மேல். ஆனா மோட்டார் சைக்கிள் இருக்கா எண்டு தாள் கேக்கும். அது ஓடுதா எண்டு கேக்குமா? வெளிநாட்டில இருக்கிற மகன் காசு அனுப்புறானா, இல்லாட்டி அங்க வேற குடும்பம் நடத்துறானா எண்டு எந்தக் கட்டத்தில போடுறது? பேர் வந்த வீட்டையும் வராத வீட்டையும் பார்த்து ஊர் சிரிச்சிச்சு, ஊர் அழுதிச்சு. பட்டியலைப் பள்ளி முத்தத்தில ஒருக்கா வாசிச்சிருந்தா, பாதி முறைப்பாடு அங்கயே முடிஞ்சிருக்கும்.

இனி உன்ட விசயத்துக்கு வாறன். தாளைக் கிழிக்கச் சொல்லல்ல. கொண்டு வா. ஆனா முதல் மாசம் அதைப் பைக்குள்ள வை. மாரியில வா. தாம்போதிக்கு அங்கால நிக்க வேண்டி வந்தா நில்லு, அதையும் எழுது. பெரிய மனிசன்ட வீட்டுக்குப் போறது மரியாதை, போ. தேத்தண்ணி குடிச்சிட்டு எழும்பி, பின்வளவால முல்லைக்காரன்ட வீட்டுக்கும் போ. ஒருத்தன் சொன்னதை இன்னொருத்தனுக்கிட்டச் சொல்லாதே. இது சின்ன ஊர். உன்ட அறிக்கையில பேரை மாத்தினாலும், ரெண்டு மாடு, ஒரு குளக்கட்டுக் காணி, நொண்டுற கால் எண்டு எழுதினா ஆர் எண்டு எங்களுக்குத் தெரியும்.

எழுதி முடிச்சதும் இங்கிலீசில அச்சடிச்சுக் கொழும்பு ஹோட்டல்ல வெளியிடுவீங்க. வெளியிடுங்க. அதுக்கு முந்தி இஞ்ச ஒரு பிரதி கொண்டு வா. தமிழில. அஸர் தொழுகை முடிஞ்சு தேத்தண்ணிக் கடையில ஆக்கள் இருக்கிற நேரமாப் பார்த்து வாசி. பிழை எண்டா அங்கயே சொல்லுவாங்க. மெதுவாச் சொல்ல மாட்டாங்க. உன்ட பேராசிரியர் கண்டுபிடிக்காத பிழையை வாங்கில கிடக்கிற நாலு பேர் கண்டுபிடிப்பாங்க. நீ பேனையை எடுத்துத் திருத்து.

பொம்பளையள் கடைக்கு வர மாட்டாங்க. அவங்களுக்கு வாசிச்சுக் காட்ட உன்னோட படிக்கிற பொம்பளைப் பிள்ளை ஒண்டைக் கூட்டிக்கொண்டு வா. நேரா குசினிப் பக்கம் அனுப்பு. என்ட மனிசிதான் முதல் ஆளாக் கதைப்பா. வீடு அவடதானே. எனக்கு வெளியில ஒரு கதிரை போட்டு, உள்ளுக்கு வராதீங்க எண்டு சொல்லுவா. நான் சொன்னதில அரைவாசியைப் பொய் எண்டும் சொல்லுவா. அதையும் எழுது.